ஒரே தொட்டித் திட்டம்

மனித குலம் இதுவரை கண்ட சாதனைகளுள் தலையாயது எது என்று யாராவது என்னைக் கேட்டால், சற்றும் தயங்காமல் சொல்வேன்: கூட்டம் நடப்பதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்ட கூட்டக் குறிப்பு. அதற்கு அடுத்த சாதனை, குதிரையையும் சடைமாட்டையும் ஒரே தொட்டியில் தின்ன வைத்தது. இரண்டும் எங்கள் அலுவலகத்தில்தான் நிகழ்ந்தன. முதலாவதற்கு நான் பொறுப்பு. இரண்டாவதற்கு யார் பொறுப்பு என்பதை விசாரணை அலுவலர் முறைப்படி கண்டுபிடித்துவிட்டார். நானும் முறைப்படியே சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது குதிரையேற்றப் பயிற்சி நிலையம். ஏழு குதிரைகள், ஒரு லாயம், ஒரு புல்வெளி, பதினான்கு ஊழியர்கள். பதினான்கு பேரில் குதிரையைத் தொட்டு வேலை செய்தவர் ஒருவர்தான். அவர் லாயக்காரர். மற்ற பதின்மூன்று பேரும் குதிரைகளை 'நிர்வகித்து' வந்தோம். நான் கூட்டக் குறிப்பெழுத்தர். பன்னிரண்டு ஆண்டுப் பணியில் என் சொந்தப் பெயரை அலுவலகம் மறந்துவிட்டது. எல்லோருக்கும் நான் 'குறிப்பு சார்'.

திங்கட்கிழமைதோறும் பதினொரு மணிக்குக் கூட்டம். கூட்டம் முடிந்த கையோடு இயக்குநர் குறிப்பில் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பது விதி. பேசுவதைக் கேட்டு எழுதினால் கையெழுத்து தாமதமாகும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே நான் குறிப்பைத் தட்டச்சு செய்து வைத்துவிடுவேன். திங்களன்று எல்லோரும் கூடி, அதில் உள்ளபடி பேசுவார்கள். அதில் இல்லாததை யாராவது பேசினால், அது பேசப்பட்டதாகாது.

இந்த முறையின் உறுதியை ஒரு சம்பவம் மெய்ப்பித்தது. ஒரு திங்களன்று கூட்டத்தின் நடுவே மின்விசிறி கழன்று சரக்கறைப் பொறுப்பாளரின் தோளில் விழுந்தது. குறிப்பில் விசிறி இல்லை. அவர் கட்டுப்போட்ட கையோடு விடுப்புக் கேட்கப் போனபோது, "எந்த விசிறி?" என்று கேட்டார்கள். அவரே குறிப்பை வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு சந்தேகத்தோடு தோளைத் தடவிக்கொண்டே இருக்கைக்குத் திரும்பினார்.

எல்லாக் குறிப்புகளும் ஒரே வரியில் முடியும்: 'இறுதியில் லாயக்காரர் நன்றி கூற, கூட்டம் இனிதே நிறைவுற்றது.' நன்றி கூறும் பொறுப்பை அவருக்கு ஒதுக்கியது என் யோசனைதான். குதிரைகள் சார்பில் ஒருவர் பேசினால் நன்றாயிருக்கும் அல்லவா? அவருடைய முறை வருவதற்குள் எல்லோரும் நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்கள். அவர் உண்மையில் நன்றி கூறினாரா என்பது எனக்கே தெரியாது.

இப்படிச் சீராக நடந்துகொண்டிருந்த நிலையத்துக்குப் புதிய இயக்குநர் வந்தார். அதற்கு முன் அவர் மின்தூக்கிப் பராமரிப்புப் பிரிவின் தலைவராக இருந்தவர். குதிரைகளைப் பற்றி அவருக்கு எந்த முன்முடிவும் கிடையாது. வேறு எதுவும் கிடையாது. வந்த வேகத்தில் பதினொரு நாள் பயிற்சி முகாமுக்குப் போய், 'கலப்பு மேய்ச்சல்' என்ற சொல்லோடு திரும்பினார். பலவகை விலங்குகளை ஒரே வெளியில் மேயவிட்டால் புல்லுக்கு நல்லது, புழுத் தொல்லை குறையும் என்று அங்கே முதல் வகுப்பில் சொன்னார்களாம். என்னென்ன எச்சரிக்கை வேண்டும் என்பது இரண்டாம் வகுப்பு. அந்த நேரத்தில் இயக்குநர் வெளியே குழுப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். படம் மிக நன்றாக வந்திருக்கிறது. அவர் அறையில் மாட்டியிருக்கிறது.

ஒரு வாரத்தில் லாரி வந்தது. அதிலிருந்து மூன்று அல்பாக்காக்களும் ஒரு சடைமாடும் இறங்கின. அல்பாக்கா என்றால் ஒட்டகத்தை வெந்நீரில் துவைத்துச் சுருக்கியது போல ஒரு விலங்கு. கழுத்து மட்டும் சுருங்காமல் தப்பித்திருக்கும். சடைமாடு என்றால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எடுக்க மறந்துபோன மாடு. இவற்றின் பெயர்களை எழுதுவதில் ஆளுக்கொரு விதம் இருந்ததால், கோப்பில் 'இதர மேய்ச்சல் விலங்குகள்', சுருக்கமாக 'இ.மே.வி.' என்று நான் வகைப்படுத்தினேன்.

இ.மே.வி.க்கள் புல்வெளிக்குள் காலெடுத்து வைத்ததும் ஏழு குதிரைகளும் வெருண்டு ஓடி மூலையில் ஒண்டிக்கொண்டு நடுங்கின. இயக்குநர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இவங்க ஏன் ஒதுங்கி நிக்கறாங்க?"

"புது வாசனை சார், அதான் பயப்படுது," என்றார் லாயக்காரர். "மூணு நாலு வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் விட்டு, தூரத்துலேர்ந்து பாத்துப் பழகவிடணும். அப்புறம் ஒவ்வொண்ணா கிட்டக்கக் கூட்டிட்டுப் போகணும்."

"லிஃப்ட்ல புது ஆள் ஏறினா, மூணு வாரம் வெளிய நிக்கவெச்சா ஏத்தறோம்?"

"லிஃப்ட்டுக்கு உதைக்கத் தெரியாது சார்."

இந்த உரையாடல் குறிப்பில் இல்லை. அதில், 'குதிரைகள் புதியவர்களை அன்புடன் வரவேற்றன' என்று ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் இரண்டாம் எண் குதிரை வேலியில் மோதிக் காலைக் கிழித்துக்கொண்டதால், தற்காலிக ஏற்பாடாகப் புல்வெளியின் குறுக்கே ஒரு வேலி போட இயக்குநர் பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

குதிரைகளின் மனநிலையை மாற்றும் பணியை மனிதவள அலுவலர் ஏற்றார். இது 'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்னும் நோய் என்று அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். 'புதியன ஏற்போம்' என்ற சுற்றறிக்கையைத் தயாரித்து, ஒவ்வொரு குதிரையின் கண் உயரத்துக்கும் அளந்து லாயத்தில் ஒட்டச் செய்தார். ஆறாம் எண் குதிரை தன் பிரதியைத் தின்றுவிட்டது. அதைப் 'பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல்' என்று பதிவு செய்தோம்.

இ.மே.வி.க்களோ வந்த நாள் முதல் முன்மாதிரி ஊழியர்களாக நடந்துகொண்டன. அல்பாக்காக்கள் சாணம் போடுவதற்கு ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தன. எங்கே மேய்ந்தாலும் நடந்து அங்கேதான் வரும். ஒன்று உள்ளே இருந்தால் மற்ற இரண்டும் வரிசையில் காத்திருக்கும். "பாத்தீங்களா ஒழுங்கை?" என்று இயக்குநர் பதின்மூன்று பேரையும் வரவழைத்துக் காட்டினார். நாங்கள் அரைமணி நேரம் நின்று பார்த்தோம். எது சொன்னாலும் அவை "ம்ம்ம்" என்று மெல்ல முனகும். இதைவிட ஓர் அலுவலகத்துக்கு என்ன வேண்டும்? ஒன்றைக் கூட்டத்துக்கே அழைத்து வந்தார் இயக்குநர். மனிதவள அலுவலர் வரவேற்புரை நிகழ்த்தும்போது அது அவர் சட்டையில் துப்பியது. 'ஆக்கபூர்வமான கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது' என்று குறிப்பில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இதற்கிடையில் லாயக்காரர் தன் போக்கில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். நான்காம் எண் குதிரை ஒரு பழுப்பு நிறப் பெண்குதிரை. பத்தொன்பது வயது. குதிரைக்கு அது பாட்டி வயது. ஆனால் அவர் அதைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். முதன்முதலாகக் குதிரையேறுபவர்களை அதன்மேல்தான் ஏற்றுவார்கள். முதுகில் இருப்பவர் சரியத் தொடங்கினால் அது தானாக நின்றுவிடும். நான் கிட்டே போன ஒரே குதிரையும் அதுதான். ஒருமுறை என் சட்டைப்பையை மோந்து பார்த்துப் பேனாவைக் கவ்விக்கொண்டது. திருப்பியும் கொடுத்தது.

அலுவலகம் தொடங்குமுன் லாயக்காரர் தினமும் பாப்பாவை வேலியோரமாக நடத்திக்கொண்டு போவார். முதல் வாரம் ஐம்பதடி தூரத்தில். அடுத்த வாரம் முப்பதடி. சடைமாடு தலையைத் தூக்கினால் அவர் நின்று, பாப்பாவின் கழுத்தைத் தேய்த்துவிட்டபடி ஏதோ பேசுவார். நாலாவது வாரம் ஒரு காலையில் நான் ஜன்னலைத் திறந்தபோது, வேலிக் கதவு திறந்திருந்தது. பாப்பாவும் சடைமாடும் தோளோடு தோள் உரசி மேய்ந்துகொண்டிருந்தன.

"பாத்தீங்களா குறிப்பு சார்! நம்ம பாப்பாவுக்குப் பயம் விட்டுப்போச்சு!" என்று கீழேயிருந்து கத்தினார். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கையை ஆட்டினேன்.

துரதிருஷ்டவசமாக, பக்கத்து ஜன்னலில் இயக்குநரும் அதைப் பார்த்தார். 'கலப்பு மேய்ச்சல்' வெற்றி பெற்றுவிட்டது. இனி அடுத்த கட்டம் என்று அறிவித்தார். அடுத்த கட்டத்தின் பெயர் 'ஒரே தொட்டித் திட்டம்'. குதிரைக்கு ஒரு தீவனம், அல்பாக்காவுக்கு ஒன்று, சடைமாட்டுக்கு ஒன்று என்று மூன்று மூட்டை, மூன்று தொட்டி இருப்பது அவர் மனசாட்சியை உறுத்தியதாம். மூன்று மூட்டைகளில் எது சிறந்தது என்று ஆராய ஒரு குழு அமைந்தது. குழு சரக்கறைக்குப் போய், சடைமாட்டின் மூட்டையைத் தேர்ந்தெடுத்தது. அதில்தான் மூட்டையின் மேல் படம் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை லாயக்காரர் அந்த மூட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்.

"சார், ஒரு நிமிஷம். இது மாடு கொழுக்கறதுக்கு மருந்து சேத்த தீவனம். மாட்டுக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா இங்க பொடி எழுத்துல போட்டிருக்கான் பாருங்க. 'குதிரைகளுக்குக் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து.'"

இயக்குநர் துண்டை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "பொடி எழுத்துலதானே போட்டிருக்கான்? முக்கியம்னா பெருசாப் போட்டிருப்பானே?"

"அதோட, இது எதிர்மறை வாசகம் சார்," என்றார் மனிதவள அலுவலர். "'கூடாது'ன்னு முடியற எதையும் நாம ஊக்குவிக்கறதில்லை."

"சார், இதயம் நின்னுடும்."

"யாருக்கு?"

"குதிரைக்கு சார்."

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "இது எத்தனையாவது பொருள்?"

நான் குறிப்பைப் பார்த்தேன். "பொருள் நாலு சார். ஆனா அதுல இதயம் இல்லை."

'திட்டம் ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே, இறுதியில் லாயக்காரர் நன்றி கூறியிருந்தார்.

அடுத்த திங்களும் அவர் அதையே சொன்னார். அதற்கடுத்த திங்களும் சொன்னார். மூன்றாம் முறை அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. இயக்குநர் கோபப்படவில்லை, அவர் கோபப்படுகிற மனிதரே அல்லர். "உங்களுக்கு உள்ளுக்குள்ள ஏதோ ஒரு பயம் இருக்கு. அதை வெளிய எடுக்கணும்," என்று கனிவோடு சொல்லி, புதன், வியாழன் இரண்டு நாளும் 'அச்சம் தவிர்ப்போம்' பயிற்சிப் பட்டறைக்கு அவரைப் பெயர் கொடுக்கச் செய்தார்.

"போறேன் சார். நான் வர்ற வரைக்கும் அந்தத் தீவனத்தை மட்டும் தொட்டியில போட்டுடாதீங்க."

"நம்பிக்கை வெய்யுங்க," என்றார் இயக்குநர்.

கூட்டம் கலைந்த பிறகு லாயக்காரர் என் மேசைக்கு வந்து அந்தச் சாக்குத் துண்டை வைத்தார். "நீங்க எழுத வேண்டாம் குறிப்பு சார். பத்திரமா வெச்சிருந்தாப் போதும்." காகிதத்தை மதிக்கத் தெரிந்த மனிதர். நான் அதில் இரண்டு துளை போட்டு, கூட்டக் கோப்பின் கடைசியில் கட்டி வைத்தேன். 'இணைப்பு' என்று எண் போடவில்லை; குறிப்பில் இல்லாத ஒன்றை எதற்கு இணைப்பாகக் காட்டுவது?

புதன்கிழமை திறப்பு விழா. புதிய தொட்டிக்கு நீல நாடா கட்டியிருந்தார்கள். புகைப்படக்காரர் காத்திருந்தார். ஆறு குதிரைகள் சடைமாட்டின் வாசனைக்குப் பயந்து எட்டியே நின்றன. அல்பாக்காக்கள் தொட்டியை மோந்து பார்த்துவிட்டு, வழக்கமான இடத்தில் வரிசை கட்டப் போய்விட்டன. குதிரையும் சடைமாடும் சேர்ந்து தின்னும் படம் இல்லாவிட்டால் திட்டமே இல்லை. எங்கள் எல்லோருக்கும் வியர்த்தது. அப்போது பாப்பா மட்டும் நிதானமாக நடந்து வந்தது. சடைமாட்டின் பக்கத்தில், யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, தோளோடு தோள் உரசி நின்று தொட்டிக்குள் முகத்தை விட்டது.

நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். அன்றே பாப்பாவுக்கு 'ஒத்துழைப்புச் சான்றிதழ்' எழுதி அதன் கொட்டடிக் கதவில் மாட்டினார்கள். வியாழக்கிழமை மறுபடியும் தின்னவைத்து, வேறு கோணத்தில் படம் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை லாயக்காரர் பட்டறையில் வாங்கிய சான்றிதழோடு வந்தார். லாயத்துக்குள் போனவர் கூப்பிட்ட சத்தம் மாடி வரை கேட்டது. பாப்பாவின் உடம்பெல்லாம் வியர்வை. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தள்ளாடின. கால்நடை மருத்துவர் பத்து மணிக்கு வந்தார். மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். எழுந்து போய்த் தொட்டியில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"இதைப் போய் குதிரைக்கு யாருய்யா குடுத்தது? இதுக்கு மாத்து மருந்தே கிடையாது."

அது மருத்துவரின் கேள்வியாக இருந்ததே தவிர, நிகழ்ச்சி நிரலில் இல்லை.

இரண்டரை மணிக்குப் பாப்பா செத்துப்போயிற்று. அதன் தலை லாயக்காரரின் மடியில் இருந்தது. நான் மாடியில் உட்கார்ந்து அடுத்த திங்கட்கிழமைக்கான குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஜன்னலைச் சாத்தவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. நான் அழுதேன். இரண்டு தாள் வீணாயிற்று.

விசாரணை அடுத்த வியாழனன்று என்று தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. 'தீவனத்தின் தன்மையை அறிந்திருந்தும் உரிய நேரத்தில் எச்சரிக்கத் தவறியவர்' யார் என்று கண்டறிந்து பணிநீக்கம் செய்ய வேண்டுமாம். தீவனத்தின் தன்மையை அறிந்தவர் எங்களில் ஒரே ஒருவர்தான் என்பதால், விசாரணை சுலபமாகவே தெரிந்தது. புதன்கிழமை மாலைக்குள் விசாரணைக் கூட்டத்தின் குறிப்பையும் எழுதி முடித்துவிட்டேன்.

அன்று வீட்டில் நான் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, சாப்பாடு எப்படின்னு இன்னும் சொல்லலையே?" என்றாள் மனைவி. "வழக்கமா வாயில வெக்கறதுக்கு முன்னாடியே 'அருமை'ம்பீங்க."

விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த மனுஷன் முன்னாடியே சொன்னாரா, சொல்லலையா?"

"குறிப்புல இல்லை."

"நான் குறிப்பைக் கேக்கலை. உங்களைக் கேக்கறேன். நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"காது இருந்துதா?"

இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை அதே அறை, அதே நேரம். விசாரணை அலுவலர் மிக நாணயமான மனிதர். எழுத்தில் உள்ளதைத் தவிர வேறெதையும் நம்பமாட்டார். கூட்டக் கோப்பு அவர் முன்னால் இருந்தது. மேசையின் கடைசியில் லாயக்காரர் கைகளை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தீவனம் குதிரைக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன் சார். மூணு திங்கக்கிழமை சொன்னேன். இதே இடத்துல."

அலுவலர் கோப்பைப் புரட்டினார். "மூணு திங்கக்கிழமையும் நீங்க நன்றிதான் சொல்லியிருக்கீங்க. பிடிக்காத திட்டத்துக்கு யாராவது மூணு தடவை நன்றி சொல்லுவாங்களா?"

லாயக்காரர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனா மூடியைத் திருகினேன்.

"சரி, அந்தக் குதிரையைச் சடைமாட்டுகிட்டப் போகப் பழக்கினது யாரு?"

"நான்தான் சார்."

"நீங்க பழக்காம இருந்திருந்தா, அது அன்னைக்குத் தொட்டிகிட்டப் போயிருக்குமா?"

லாயக்காரர் வெகுநேரம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு விசாரணையில் நேரம் அதிகமாகத் தேவைப்படுகிறது. "போயிருக்காது சார்," என்றார்.

இயக்குநர் வருத்தத்தோடு தலையை அசைத்தார். மனிதவள அலுவலர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விசாரணை அலுவலர் கோப்பின் கடைசிக் குறிப்பு வரை வந்துவிட்டார். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டக் கையை வைத்தார். அடுத்த பக்கம் அந்தச் சாக்குத் துண்டு. என் இருக்கையிலிருந்து கோப்பு ஒரு முழ தூரம்தான். "இன்னும் ஒரு பக்கம் இருக்கு சார்" என்று சொன்னால் போதும், ஐந்து சொல். ஆனால் என் கையிலிருந்த குறிப்பில் அந்த ஐந்து சொல்லும் இல்லை. அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். புரட்டாமலே கோப்பை மூடி, தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்தார்.

"நீங்க கடைசியா ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று லாயக்காரரைக் கேட்டார்.

லாயக்காரர் எழுந்து நின்றார். சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோல் ஒன்றைத் தட்டிவிட்டார். அவரிடம் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நான் இன்னைக்கு என்ன சொல்லணும்னு குறிப்பு சார் நேத்தே எழுதியிருப்பாரு. அதையே படிச்சிடச் சொல்லுங்க சார்," என்றார்.

நான் எழுந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு ஆண்டுகளில் நான் எழுதிய குறிப்பில் ஒரு பிழைகூட யாரும் கண்டதில்லை, அன்றும் காணவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி கடைசி வரியைப் படித்தேன்:

"இறுதியில் லாயக்காரர் நன்றி கூற, கூட்டம் இனிதே நிறைவுற்றது."